நெல் வேரோரத்தில் அசோஸ்பைரில்லம் என்ன செய்கிறது?

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனாலும் நெற்பயிரால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறில் உள்ள இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடக்கின்றன. அதை உடைத்து அம்மோனியாவாக்க ஆலைகளில் 400 டிகிரி செல்சியஸும் கடும் அழுத்தமும் தேவைப்படுகின்றன. அசோஸ்பைரில்லம் பாக்டீரியா இதே வேலையை வயல் மண்ணின் சாதாரணச் சூட்டிலேயே முடித்துவிடுகிறது.

அதற்கு உதவுவது நைட்ரஜனேஸ் என்ற நொதி. இது ஆற்றலை ஏராளமாக விழுங்கும்: ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கவே செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு குறைந்தது 16 செலவாகும். போதாக்குறைக்கு, ஆக்ஸிஜன் பட்டால் இந்த நொதி கெட்டுவிடும். அந்த ஆற்றலைப் பெற பாக்டீரியா சுவாசித்தாக வேண்டும், சுவாசிக்கவோ ஆக்ஸிஜன் வேண்டும். இந்தச் சிக்கலுக்கு நெல்வயலிலேயே ஒரு வழி இருக்கிறது. தண்ணீர் தேங்கிய மண்ணில் மேலே சில மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆக்ஸிஜன் அநேகமாக இல்லை. நெல்லோ தன் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாக வேருக்குக் காற்றை இறக்குகிறது. அதில் கொஞ்சம் வெளியே கசிகிறது. அதனால் வேரை ஒட்டிய மெல்லிய மண்படலத்தில் ஆக்ஸிஜன் அதிகமும் இல்லாமல், அறவே இல்லாமலும் போகாமல் இருக்கிறது. வேர் கசியவிடும் மாலிக் அமிலம் போன்ற உணவும் அங்கேயே கிடைக்கிறது. சாட்டை போன்ற இழையைச் சுழற்றி நீந்தி, தனக்குத் தோதான அந்த இடத்தைப் பாக்டீரியா தானே தேடிக்கொள்கிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

பிடித்த நைட்ரஜனைப் பெரும்பாலும் தன் உடலுக்கே வைத்துக்கொள்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது செத்து மட்கிய பிறகுதான் பயிருக்குப் பங்கு. அப்புறம் பயிர் எப்படிச் செழிக்கிறது? அசோஸ்பைரில்லம் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோனையும் சுரக்கிறது. பக்கவேர்களும் வேர்த்தூவிகளும் பெருகுகின்றன. மண்ணில் ஏற்கெனவே உள்ள சத்தைப் பயிர் கூடுதலாக உறிஞ்சுகிறது. பலனில் பெரும்பங்கு இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால்தான், "யூரியாவே வேண்டாம்" என்ற பேச்சை நம்பக் கூடாது. ஒரு டன் நெல் விளைய ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், வேண்டும். அதை முழுக்க இந்தப் பாக்டீரியாவால் தர முடியாது. கால்வாசி யூரியாவைக் குறைக்கலாம் என்பதே வழக்கமான பரிந்துரை. யூரியாவை அள்ளிக் கொட்டினாலும் பயனில்லை. அதிலிருந்து வரும் அம்மோனியா சுற்றிலும் தாராளமாக இருந்தால், பாக்டீரியா நைட்ரஜனேஸ் தயாரிப்பையே நிறுத்திவிடும்.

உயிர் உரமாக விற்கும் அசோஸ்பைரில்லம் பொட்டலத்தில் இருப்பது உயிர். வெயிலில் வைத்தால் செத்துவிடும், ரசாயன உரத்தோடு கலந்தாலும் அப்படித்தான். பூஞ்சாணக் கொல்லியில் நேர்த்தி செய்த விதை என்றால் ஒரு நாள் இடைவெளி விட்டு, ஆறிய கஞ்சியில் குழைத்துப் பூசி நிழலில் உலர்த்த வேண்டும். நடவுக்கு முன் நாற்றின் வேரை, பொட்டலத்தைத் தண்ணீரில் கலந்த கரைசலில் 15 முதல் 30 நிமிடம் நனைப்பது இன்னும் நேரடியான வழி. வேலை நடக்கவேண்டிய இடத்திலேயே பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவையும் அதே கரைசலில் சேர்த்துக்கொள்ளலாம். நனைத்த நாற்றை வேர் காய விடாமல் உடனே நட்டுவிட வேண்டும்.