‘இயற்கை’ எஞ்சின் அன்று, தன்னுறிஞ்சல் எஞ்சின்

2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளில் இரவு நேரக் கார்ப் பந்தயம் நடந்ததிலிருந்து, கார்களைப் பற்றித் தமிழில் எழுதுவோரும் பேசுவோரும் சென்னையில் பெருகியிருக்கிறார்கள். அது நல்லதே. ஆனால், அவர்களோடு சேர்ந்து ‘இயற்கை சுவாச இயந்திரம்’ என்னும் தொடரும் பெருகிவிட்டது. ‘நேச்சுரலி ஆஸ்பிரேட்டட் எஞ்சின்’ என்பதற்கு, அதாவது ஒர்க்ஷாப்புகளில் ‘என்.ஏ. எஞ்சின்’ என்று சுருக்கிச் சொல்லப்படுவதற்கு, இதைத்தான் தமிழாக்கம் என்கிறார்கள். அண்மையில் ஒரு காணொளியில், ஸ்போர்ட்ஸ் ரகச் சிறு காரின் என்.ஏ. எஞ்சினில் கூடுதல் திறனை வரவழைப்பது எப்படி என்று விளக்க வந்தவர், “இயற்கை இயந்திரத்தை மாற்றியமைத்தல்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திரையின் அடியில் ஓடிய எழுத்துகளோ “இயற்கையாகவே ஆசைப்பட்ட எஞ்சின்” என்றன. எஞ்சினுக்கு ஆசை வந்த கதையை அதற்குமேல் கேட்க முடியவில்லை.

அந்த ஆசை வந்த வழி எளியது. ‘ஆஸ்பிராரே’ என்னும் லத்தீன் வினைக்கு ‘ஊதுதல், மூச்சுவிடுதல்’ என்பது பொருள். ஒன்றை நோக்கி மூச்சிரைக்க ஓடுவது என்ற உருவகத்திலிருந்து ‘பேராவல் கொள்ளுதல்’ என்ற பொருள் பின்னால் கிளைத்தது. எஞ்சினுக்கு வந்தது மூச்சுப் பொருள். மொழிபெயர்ப்புப் பொறி எடுத்துக்கொண்டது ஆவல் பொருள். பொறியை மன்னித்துவிடலாம். அது தந்ததைப் படித்துப் பார்க்காமல் வெளியிடுகிறவர்களை மன்னிப்பது கடினம்.

இனி அந்த எஞ்சின் செய்வது என்ன என்று பார்ப்போம். பிஸ்டன் கீழிறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியிலுள்ள காற்று, கடல்மட்டத்தில் ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தில் இருப்பதால், திறந்திருக்கும் வால்வு வழியாக உள்ளே பாய்கிறது. காற்றை உள்ளே தள்ளத் தனிக் கருவி ஏதும் இல்லை. இவ்வளவுதான் ‘நேச்சுரலி’ என்பதன் முழுப்பொருள். தொடக்கத்தில் எல்லா எஞ்சின்களும் இப்படித்தான் இருந்தன என்பதால், இதற்கென்று ஓர் அடைமொழி தேவைப்படவில்லை. சூப்பர்சார்ஜரும், சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற டர்போவும் வந்து, காற்றை அழுத்தித் தள்ளும் எஞ்சின்கள் உருவான பிறகுதான், அவை இல்லாதவற்றைப் பிரித்துச் சொல்ல ஒரு பெயர் வேண்டியதாயிற்று.

ஆகவே ‘இயற்கை’ இங்கே எந்த வேலையும் செய்யவில்லை. செய்யும் வேலையெல்லாம் கேடு. தமிழில் இயற்கைக்கு எதிர்ச்சொல் செயற்கை. தொல்காப்பியரே இயற்கைப் பொருளையும் செயற்கைப் பொருளையும் எதிரெதிராக நிறுத்தித்தான் இலக்கணம் சொல்கிறார். என்.ஏ. எஞ்சினை இயற்கை என்றால் டர்போ எஞ்சின் செயற்கையாகிவிடும். இரண்டுமே வார்ப்பாலையில் பிறந்தவை என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இதைவிடப் பெரிய குழப்பம் தெருவில் இருக்கிறது. சி.என்.ஜி.க்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் ‘அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு’. அதில் ஓடும் ஆட்டோக்களும் கார்களும் சென்னைச் சாலைகளில் கண்முன் போய்க்கொண்டிருக்கும்போது, ‘இயற்கை இயந்திரம்’ என்று கேட்கும் வாசகர் எரிவாயு வண்டியை நினைப்பாரா, டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினை நினைப்பாரா? அங்காடியில் ‘இயற்கைக் காய்கறி’ என்ற பலகையை நாள்தோறும் பார்க்கிறவர், புகை குறைவாக விடும் எஞ்சின் போலும் என்று எண்ணிக்கொண்டாலும் குற்றமில்லை.

‘சுவாசம்’ மட்டும் பொருந்துகிறதா என்றால், அதுவும் அரைகுறைதான். அது வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. டர்போ, பிஸ்டன், எஞ்சின் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு சுவாசத்தின் மீது மட்டும் பாய்வது நேர்மையாகாது. (‘இயந்திரம்’ என்பதைவிட ‘எஞ்சின்’ தெளிவானது என்பதும் என் கருத்து, மாவரைப்பதும் இயந்திரந்தான், தையல் தைப்பதும் இயந்திரந்தான்.) சிக்கல் பொருளில் இருக்கிறது. சுவாசம் என்றால் உள்மூச்சும் வெளிமூச்சும் சேர்ந்தது. இங்கே பேசப்படுவது உள்ளே போகும் காற்று மட்டுமே. வெளியேறும் புகையின் வழி டர்போ வண்டிக்கும் உண்டு, இதற்கும் உண்டு. வேறுபாடு நுழைவாயிலில் இருக்கிறது.

ஜப்பானியரும் இதை ‘ஷிசென் க்யூகி’ என்றுதானே சொல்கிறார்கள், அதில் ‘ஷிசென்’ இயற்கைதானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் ‘க்யூகி’ என்பது காற்றை உள்ளிழுத்தல் என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுவதால், முன்னால் நிற்கும் சொல்லின் தளர்வை அது தாங்கிக்கொள்கிறது. ஜெர்மானியர் இன்னும் சுருக்கம்: ‘ஸௌக்மோட்டோர்’, அதாவது உறிஞ்சும் எஞ்சின். தமிழுக்கு ஏற்ற வழி இதுதான் என்பேன். தன் + உறிஞ்சல் = தன்னுறிஞ்சல்; தன்னாட்சி, தன்னுணர்வு போன்ற சொற்களைப் பயன்படுத்துகிற யாருக்கும் இது புதிராக இருக்காது. காற்றை எஞ்சின் உறிஞ்சவில்லை, வெளியழுத்தம் அல்லவா தள்ளுகிறது என்று இயற்பியல் ஆசிரியர் இடைமறிக்கக்கூடும். இளநீரைக் குழல் வைத்துக் குடிக்கும்போதும் அதுவேதான் நடக்கிறது; அதை உறிஞ்சுதல் என்று சொல்வதில் நமக்கு இதுவரை இடர்ப்பாடு வந்ததில்லை.

‘இயல்புறிஞ்சல்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். இது மற்றதைவிடப் பன்மடங்கு மேல். இருந்தாலும், சிறு காரை எடுத்து அதன் எஞ்சினில் கை வைக்கத் தொடங்கியவுடன் இந்தச் சொல் கைவிட்டுவிடுகிறது. டர்போ பொருத்தாமல் திறனைக் கூட்ட வேண்டுமானால், சிலிண்டர் கூடுதலான காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும்படி வழியைத் திருத்த வேண்டும்: வெப்பம் குறைந்த இடத்திலிருந்து காற்றெடுக்கும் இன்டேக், உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் அகலமான த்ராட்டில் பாடி அல்லது சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனி த்ராட்டில், வால்வை உயரமாகவும் நெடுநேரமும் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட், உட்புறம் இழைத்துச் சீராக்கிய போர்ட் (சிலிண்டர் ஹெட்டுக்குள் காற்று போகும் வழி), உயர்த்திய கம்ப்ரஷன் (எரியுமுன் சிலிண்டருக்குள் நெருக்கப்படும் அளவு), புகையை விரைந்து வெளியேற்றும் ஹெட்டர், இவற்றுக்கெல்லாம் ஏற்பத் திருத்திய இ.சி.யூ. என்னும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி. இத்தனையும் செய்த எஞ்சினில் இயல்பாக எஞ்சியிருப்பது என்ன? ஐட்லிங்கில் நடுங்கும், குறைந்த சுற்றில் சோம்பும், பந்தயத்துக்கென்றே திருத்திய அந்த எஞ்சின் இயல்பும் அன்று, இயற்கையும் அன்று. ஆனால் அணுவளவும் ஐயமின்றி அது என்.ஏ. எஞ்சின்தான். கலைச்சொல் என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்த எஞ்சினுக்கும் திருத்திய எஞ்சினுக்கும் ஒருசேரப் பொருந்த வேண்டும். தன்னுறிஞ்சல் பொருந்துகிறது.

1997இல் வந்த ஹோண்டா சிவிக் டைப்-ஆர் இதற்கு நல்ல சான்று. 1.6 லிட்டர் எஞ்சினிலிருந்து, டர்போ இல்லாமலே, நிமிடத்துக்கு 8,200 சுற்றில் 185 குதிரைத்திறனை அது தந்தது. லிட்டருக்கு நூற்றுக்கு மேல். இதை ‘இயற்கை’ என்று சொன்னால், வால்வு திறப்பை இரண்டு வகையாக மாற்றித் தரும் விடெக் அமைப்புக்காகப் பொறியாளர்கள் பட்ட பாடு எங்கே போனது? அதே பெயரில் 2015இல் வந்த கார் 2 லிட்டர் டர்போவுக்கு மாறியபோது, பழையதையே போற்றுகிறவர்கள் வருந்தியது இயற்கை போய்விட்டதே என்றா? வலப்பாதத்தின் அசைவுக்கு உடனுக்குடன் எழும் சீற்றமும், சுற்று ஏற ஏற வளரும் திறனும் போய்விட்டனவே என்றுதான்.

சரியான சொல் பொருளையும் கூடவே விளக்கிவிடும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்கு என்.ஏ. காரில் போகிறவர், மேலே ஏற ஏற வண்டி மந்தமாவதை உணர்வார். அங்கே காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கிறது. ‘இயற்கை சுவாச இயந்திரம்’ என்று படித்தவருக்கு, மலைக்காற்றில் அது இன்னும் நன்றாக ஓட வேண்டுமே என்றுதான் தோன்றும். தானே உறிஞ்ச வேண்டிய எஞ்சினுக்கு, உறிஞ்சும் காற்றே மெலிந்துவிட்டால் திறன் எங்கிருந்து வரும் என்பது ‘தன்னுறிஞ்சல் எஞ்சின்’ என்று படித்தவருக்குத் தானாகவே விளங்கும். சென்னையின் 40 பாகை வெயிலில், 25 பாகையில் இருப்பதைவிடக் காற்றின் அடர்த்தி சுமார் 5 விழுக்காடு குறைவு என்பதும், இன்டேக் குழாயை ரேடியேட்டர் வெப்பத்திலிருந்து விலக்கி வைக்க மெக்கானிக்குகள் மெனக்கெடுவதும் இதே கணக்குதான்.

அவர்கள் வாயிலும் ஏறக்குறைய இந்தச் சொல்தான் இருக்கிறது. புதுப்பேட்டைப் பக்கம் ஒரு ஒர்க்ஷாப்பில், கழற்றிய சிலிண்டர் ஹெட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்து, போர்ட்டுக்குள் சுண்டுவிரலை விட்டு வளைவில் இருந்த சிறு மேட்டைத் தடவிக் காட்டிய மெக்கானிக் அண்ணன், “இது தானா இழுக்கிற எஞ்சின் சார், காத்து இங்க முட்டக் கூடாது” என்றார். ‘இழு’ என்பதையே கலைச்சொல்லாக்க எனக்கும் ஆசைதான். ஆனால் ‘வண்டி நல்லா இழுக்குது’ என்று ஓட்டத்தின் வலிமைக்கும் அதே சொல்லைச் சொல்வதால், எழுத்தில் அது இரண்டு பொருள் தரும்.

கடைசியாக, இதன் எதிர்ச்சொல்லையும் சரிசெய்தாக வேண்டும். ‘ஃபோர்ஸ்டு இன்டக்ஷன்’ என்பதைக் ‘கட்டாயத் தூண்டல்’ என்று எழுதுகிறார்கள். தூண்டல் மின்காந்தத்துக்கு உரியது, தூண்டல் அடுப்புக்கு உரியது. இங்கே அந்தச் சொல் காற்றை உள்ளே விடுதலைக் குறிக்கிறது. ‘காற்றுத் திணிப்பு’ பொருளில் பிழையற்றதுதான் என்றாலும், திணிப்பு என்றவுடன் இந்த ஊரில் நினைவுக்கு வருவது வேறு. ‘அழுத்தூட்டல்’ போதும்: அழுத்தி ஊட்டுவது. புகையின் விசையால் சுழலும் டர்போ, எஞ்சினின் சுழற்சியையே வாங்கி ஓடும் சூப்பர்சார்ஜர் இரண்டும் அழுத்தூட்டலில் அடங்கும். இரண்டும் இல்லாதது தன்னுறிஞ்சல்.