பெட்டக அறைக்குள் ஒரு கிளவுட்

செட்டிநாட்டு வீடுகள் பலவற்றின் பெட்டகங்களில் பர்மா, மலேயா காலத்துப் பேரேடுகளும் கடிதங்களும் இன்னும் கிடக்கின்றன. காரைக்குடியில் ஒரு குடும்பம் அவற்றை ஸ்கேன் செய்து, கோப்புகளை வெளி நிறுவனம் எதனிடமும் ஒப்படைக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, சிங்கப்பூரில் இருக்கும் பங்காளிகளும் பார்க்க வழிசெய்ய நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ3 அளவுப் பக்கத்தை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வண்ணத்தில் சுருக்காமல் எடுத்தால் ஏறத்தாழ 200 எம்பி ஆகும். கணினித் தரவைச் சேமிக்கும் எல்டிஓ வகைக் காந்த நாடாவின் ஒன்பதாம் தலைமுறையாக 2021-இல் வந்த எல்டிஓ-9-இன் கொள்ளளவு 18 டெராபைட். அத்தகைய 90,000 பக்கங்கள் உள்ளங்கையளவுப் பேழை ஒன்றில் அடங்கிவிடும். அலமாரியில் இருக்கும் நாடாவுக்கு மின்சாரமே வேண்டாம் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை தேடப்படும் ஆவணத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் கருத்து.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி, கணினியின் வன்வட்டுக்கும் நாடாவுக்கும் முன்னால் நிற்கும் நுழைவாயில் சர்வர்தான். கோப்புகளை இணையவழி சேமித்துவைக்க அமேசான் 2006-இல் கொண்டுவந்த எஸ்3 சேவையின் கட்டளைமுறை இன்று ஏறக்குறையப் பொதுமொழியாகிவிட்டது. நுழைவாயிலும் அதே மொழியில் பேசுவதால், வெளியே இருக்கும் மென்பொருளுக்கு இது இன்னொரு கிளவுட் போலவே தெரிகிறது. நெடுநாள் தொடப்படாத கோப்பை அது நாடாவுக்கு அனுப்பிவிட்டு, பெயர், அளவு, எந்த நாடாவில் எந்த இடம் என்ற குறிப்புகளை மட்டும் வட்டில் வைத்துக்கொள்கிறது. ஆகவே பங்காளியின் திரையில் பட்டியல் எப்போதும் முழுமையாகவே இருக்கும்.

அவர் 1930-களின் பேரேட்டுப் பக்கம் ஒன்றைக் கேட்கிறார். அது வட்டில் இருந்தால் உடனே போய்விடும். நாடாவில் இருந்தால், முதலில் மீட்பு வேண்டுகோள் ஒன்று பதிவாகிறது. இயந்திரக் கை உரிய பேழையை எடுத்து, நாடாவைப் படிக்கும் கருவியான டிரைவில் செருகுகிறது. டிரைவ் நாடாவின் முனையைப் பற்றி இழுத்து, 1,035 மீட்டர் நீளத்தில் அந்தப் பக்கம் இருக்கும் இடத்துக்கு ஓட்டுகிறது. படிக்க அரை நொடி போதும். போய்ச் சேரத்தான் ஒரு நிமிடமோ கூடுதலோ ஆகும். நாடாவின் அகலத்தில் உள்ள 8,960 தடங்களை 32, 32-ஆக, முன்னும் பின்னும் ஓடியே டிரைவ் எழுதியிருப்பதால், பத்துப் பேர் கேட்டவற்றை வந்த வரிசையில் தேடாமல் நாடாவில் உள்ள வரிசைப்படி அடுக்கி எடுப்பதே நல்ல மென்பொருளுக்கு அழகு. எடுத்த பக்கத்தின் நகல் வட்டில் இறங்கியதும் கேட்டவருக்குத் தகவல் போகிறது. வினாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அந்தப் பக்கம் 16 நொடியில் வெளியேறும்.

நம் ஊர் பிராட்பேண்டில் வெளியிலிருந்து வீட்டு சர்வரை நேரே அழைக்க உதவும் தனி ஐபி முகவரி பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆதலால் வீட்டு சர்வரே வெளியே உள்ள ஒரு சிறு சர்வரை அழைத்து, மறையாக்கம் செய்த சுரங்கப்பாதை ஒன்றைத் திறந்து வைக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வர வாசல் எதையும் திறந்துவிட வேண்டியதில்லை.

எந்தக் கோப்பு எந்த நாடாவில் என்று வட்டில் வைத்திருக்கும் குறிப்புகள் அழிந்தால் நாடாக்கள் சாவி தொலைந்த அறைகள்தாம். 2010-இல் வந்த எல்டிஎஃப்எஸ் முறையில் எழுதினால் ஒவ்வொரு நாடாவும் தன் பட்டியலைத் தானே சுமந்திருக்கும். இதை விட்டுவிடக் கூடாது. சித்திரை வெயிலில் பெட்டக அறையே உலையாகும் ஊரில் நாடாக்களுக்குக் குளிரூட்டிய அறை வேண்டும். இரண்டாம் பிரதி தேவகோட்டையிலோ வேறு ஊரிலோ இருக்க வேண்டும். எல்டிஓ-9 டிரைவ் எட்டாம் தலைமுறை நாடாவைப் படிக்கும், ஏழாவதைப் படிக்காது. ஆதலால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிய நாடாவுக்கு மாற்றும் செலவையும் இப்போதே கணக்கில் எழுதிவைக்க வேண்டும்.