சுண்டிக்குளத்திலும் நெடுந்தீவிலும் விடுதி போடலாமா? காணிக்கு அச்சாரம் கொடுக்கமுன் படியுங்கள்

மார்கழி, தை மாதங்களில் சுண்டிக்குளத்துப் பூநாரைகளின் படங்கள் முகநூலில் வரத் தொடங்கியதும் வெளிநாட்டு உறவுகளிடமிருந்து ஒரு கேள்வியும் கூடவே வரும்: "அங்கால ஒரு காணி எடுத்து சின்னதா ஒரு விடுதி போடலாமோ?" நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்த்துவிட்டுப் போனவர்களும் இதையே கேட்கிறார்கள். கேட்பதில் பிழையில்லை. வடக்கில் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், முதலீடும் வேண்டும். ஆனால் சட்டம் எங்கே விடுகிறது, எங்கே மறிக்கிறது என்று தெரியாமல் காசைப் போட்டால் அந்தக் காசு காணியிலேயே முடங்கிவிடும்.

இந்த இரண்டு இடங்களும் இப்போது தேசியப் பூங்காக்கள். சுண்டிக்குளம் 1938 இலிருந்து பறவைகள் சரணாலயமாக இருந்தது. 2015 யூனில்தான் 19,565 ஹெக்டேயர் பரப்புடன் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. நெடுந்தீவில் பூங்காவின் பரப்பு 1,846 ஹெக்டேயர். "அது பழைய சரணாலயம்தானே" என்று ஊரில் இன்னமும் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பி இறங்கக்கூடாது, ஏனென்றால் இரண்டுக்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம். சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், ஆட்கள் குடியிருக்கலாம், உள்ளே போக அனுமதிச்சீட்டும் தேவையில்லை. தேசியப் பூங்கா அரச காணி. அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம்.

1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. தேசியப் பூங்காவுக்குள் காடு வெட்டுவது, நிலம் திருத்துவது, கட்டடம் எழுப்புவது எல்லாவற்றையும் அது தடை செய்கிறது. நாட்டின் பூங்காக்களுக்குள் தங்குவதற்கு இருப்பவை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பங்களாக்களும் கூடாரம் அடிக்க ஒதுக்கிய இடங்களும்தான். தென்னாபிரிக்காவில் குருகர் பூங்காவுக்குள் தனியார் விடுதிகள் நடப்பதைப் பார்த்தவர்கள் இங்கே ஏன் முடியாது என்று கேட்பதுண்டு. அங்கே அரசு கேள்விப்பத்திரம் கோரி, குறித்த காலத்துக்கு நடத்தும் உரிமையை மட்டும் கொடுக்கிறது. காணி அரசிடமே இருக்கும். யால, வில்பத்து பக்கம் போனவர்கள் கண்டிருப்பார்கள், இங்கே தனியார் விடுதிகள் எல்லைக்கு வெளியேதான் நிற்கின்றன.

சரி, வெளியே என்றால் எவ்வளவு வெளியே? பலர் தடுக்கி விழுவது இதில்தான். தேசியப் பூங்காவின் எல்லையிலிருந்து ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீற்றர் தூரத்துக்குள் எந்த அபிவிருத்தி வேலை செய்வதென்றாலும் வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி முதலில் வேண்டும். காணி உங்கள் பெயரில் இருந்தாலும் இந்த விதி பொருந்தும். நெடுந்தீவின் முழுப் பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். அதில் 18 சதுர கிலோமீற்றருக்கு மேல் பூங்கா. எல்லையிலிருந்து ஒரு மைல் அளந்து பார்த்தால் மிச்சத் தீவிலும் நல்லதொரு பங்கு அதற்குள் அடங்கிவிடும்.

சுற்றாடல் சட்டம் தனி. 1993 ஆம் ஆண்டின் வர்த்தமானிப்படி 99 அறைகளுக்கு மேற்பட்ட ஹோட்டலுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு அல்லது ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை வேண்டும். "நான் போடுவது ஆறு அறை, எனக்கு என்ன?" என்று நினைக்க வேண்டாம். பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளோ அதன் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள்ளோ வந்தால் அறைக் கணக்கு எடுபடாது, சிறியதும் அதே நடைமுறைக்குள் போகும். தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாட்கள் கொடுக்க வேண்டும். முதலீட்டாளரை விட ஊர்மக்கள்தான் இதை முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் களப்புக் கரையில் என்ன வரப்போகிறது என்று வாசித்து எழுத்தில் ஆட்சேபிக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

இரண்டு இடங்களும் கடலோடு ஒட்டியவை என்பதால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களமும் வரும். உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் கட்ட அவர்களின் அனுமதிப்பத்திரம் தேவை. களப்பு கடலோடு சேரும் இடங்களில் இந்த வலயம் இன்னும் உள்ளே போகும். இவற்றுக்குப் பிறகுதான் பிரதேச சபையின் கட்டட அனுமதி.

இனிக் காணி. வடமராட்சி கிழக்கில் ஒரு பழைய உறுதியை எடுத்துப் பாருங்கள். "கிழக்கு கடற்கரை, தெற்கு அரச காணி, பரப்பு 20" என்ற மாதிரி இருக்கும். அந்த "அரச காணி" இன்று பூங்காவா என்று உறுதி சொல்லாது, எழுதிய நொத்தாரிசுக்கும் அது தெரிந்திருக்காது. பூங்காவைப் பிரகடனப்படுத்திய வர்த்தமானியின் அட்டவணையில் எல்லை விபரம் இருக்கிறது. அதைப் பிரதேச செயலகத்துக்கும் வனசீவராசிகள் அலுவலகத்துக்கும் கொண்டுபோய், நில அளவையாளரைக் கொண்டு உங்கள் காணி அதில் எங்கே விழுகிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கிராம அலுவலர் வாயால் சொல்வதை மட்டும் வைத்துக் காசு கொடுக்க வேண்டாம். பொமிற் காணி என்றால் இன்னும் கவனம். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அந்தக் காணியை உரிய சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது.

தங்கள் உறுதிக்காணியே பூங்கா எல்லைக்குள் போய்விட்டது என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு. தேசியப் பூங்காவை அரச காணியில்தான் பிரகடனப்படுத்தலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே உறுதி, தோம்புப் (பழைய காணிப் பதிவேடு) பிரதி, பழைய வரி ரசீது எதையும் தொலைக்காமல் வைத்துப் பிரதேச செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அந்தப் பிணக்குத் தீரும்வரை அப்படியான காணியை மலிவுக்கு வாங்குவது, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் செய்யும் அநியாயம்.

கனடா, சுவிஸ் குடியுரிமை எடுத்தவர்கள் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டவருக்கோ, வெளிநாட்டவரின் பங்கு 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் உள்ள கம்பனிக்கோ காணியை விற்க முடியாது. 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

அப்ப என்னதான் செய்யலாம்? என்னைக் கேட்டால், பூங்காவுக்கு வெளியே ஏற்கனவே இருக்கிற வீடுகளை நம்புங்கள். நெடுந்தீவில் முருகைக்கல் வேலி போட்ட வீடொன்றில் இரண்டு அறையைத் திருத்தி, சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் ஹோம்ஸ்டேயாகப் பதிவு செய்யலாம். குறிகட்டுவானிலிருந்து படகில் வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடும் ஊர் காட்ட ஒரு ஆளும்தான் முதலில் தேவை. வழிகாட்டிகளுக்கு அதே அதிகாரசபை உரிமம் கொடுக்கிறது, ஒரு பிரதேசத்துக்கு மட்டுமான உரிமமும் உண்டு. ஊர்ப் பிள்ளைகள் அதை எடுக்கட்டும். மீன்பிடிக்கப் பதிந்த படகில் பயணிகளை ஏற்ற நினைப்பவர்கள் அதற்கான அனுமதியைத் தனியாகப் பெற வேண்டும், உயிர்காப்பு அங்கியும் வேண்டும்.

நெடுந்தீவில் பெரிய விடுதி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் தண்ணீர். வறட்சி கடுமையான வருடங்களில் அங்கே குதிரைகள் தண்ணீரில்லாமல் செத்திருக்கின்றன, சனங்களும் நல்ல தண்ணீருக்கு அலைகிறார்கள். நீச்சல் குளமும் ஏசி அறைகளுமாக ஒரு கட்டடம் அதே நிலத்தடி நீரைத்தான் இழுக்கும். திட்டத்தோடு யாராவது வந்தால் ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர், அது எந்தக் கிணற்றிலிருந்து என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை பிரதேச சபை உறுப்பினர்கள் கை உயர்த்தக்கூடாது.