ரத்தப் பரிசோதனையில் தேறிய நாய் ஏன் காத்திருக்க வேண்டும்?

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்குப் பாரிஸ் பயணம் புதிதல்ல. வீட்டு நாயையும் கூட்டிப்போக நினைத்தால்தான் சிக்கல். டிக்கெட் எடுத்த பிறகு கால்நடை மருத்துவரிடம் போனால், “இப்பவா வர்றீங்க?” என்றுதான் கேட்பார்.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி முதலில் தோலுக்கடியில் 15 இலக்க மைக்ரோசிப் வைக்க வேண்டும். ரேபிஸ் ஊசி அதற்குப் பிறகுதான். முந்திப் போட்டால் கணக்கில் வராது. குட்டிக்கு 12 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ரத்தச் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) உயிருள்ள ரேபிஸ் வைரஸோடு கலந்து, வளர்ப்புச் செல்களோடு சேர்க்கிறார்கள். ஊசிக்குப் பதிலாக உடல் உருவாக்கும் நோயெதிர்ப்புப் புரதமான எதிர்ப்பொருள் போதுமான அளவு இருந்தால் வைரஸ் முடங்கிவிடும். இல்லையென்றால் தொற்றிய செல்கள் ஒளிரும் சாயத்தில் பச்சையாகத் தெரியும். மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு இருந்தால் தேர்ச்சி.

சரி, கிளம்பலாமா? முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் ஆக வேண்டும். பலருக்கும் எரிச்சல் வருவது இங்கேதான். எனக்கென்னவோ விதியிலேயே விவரமான பகுதி இதுதான் என்று படுகிறது.

ரேபிஸ் வைரஸ் ரத்தத்தில் ஏறிப் பரவுவதில்லை. கடிபட்ட இடத்தில் நரம்பு நுனிக்குள் நுழைந்து, நரம்பு வழியாகவே மூளையை நோக்கிப் போகிறது. நரம்புக்குள் போய்விட்டால் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாது. மூளையை எட்ட வழக்கமாகச் சில வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூட ஆகும். அதுவரை நாய் வாலாட்டும், சோறு தின்னும். அந்தக் கட்டத்தில் உயிருள்ள நாயில் வைரஸைக் கண்டுபிடிக்க நம்பகமான பரிசோதனை கிடையாது. ஊசிக்கு முந்தைய வாரம் வெறிபிடித்த தெருநாய் கடித்திருந்தால்? ஊசியால் வந்த எதிர்ப்பொருளைக் காட்டி டெஸ்ட் தேறிவிடும். நரம்பில் இருக்கும் வைரஸ் அதில் தெரியாது. நாள் போகப்போகத்தான் நோய் வெளிப்படும்; அதற்குத்தான் இந்தக் காத்திருப்பு. ஜப்பான் இன்னும் கறார்: அங்கே 180 நாள்.

பிரான்ஸுக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு. 2001-ல் ரேபிஸ் இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. மொராக்கோவிலிருந்து முறைகேடாகக் கொண்டுவந்த ஒரு நாயால் அந்தத் தகுதி 2008-ல் பறிபோய், 2010-ல்தான் திரும்பக் கிடைத்தது.

பாரிஸிலிருந்து நாயோடு இங்கே விடுமுறைக்கு வருபவர்கள் கிளம்பும் முன்பே அங்கே டெஸ்ட் எடுத்துவிட்டால், திரும்பும்போது இந்த மூன்று மாதம் இல்லை. ஒருமுறை தேறிய நாய்க்கு பூஸ்டரைத் தவணை தவறாமல் போட்டுவந்தால் மறு டெஸ்ட்டும் வேண்டாம். தவணை தப்பினால் ஊசி, 30 நாள், ரத்தம், மூன்று மாதம் என்று மறுபடி முதலிலிருந்துதான்.