ஒரு கட்டத்துக்கு இரண்டு நிறம்

1986 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மலேசியாவில், பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு முன்னறையில் அக்கா டிவியோடு இணைத்த கணினியில் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். சிவப்பு இழை முடிந்துவிட்டது. பச்சை இழை அதை வெட்டிப் போன இடத்தில், சிவப்புக் கோட்டில் ஒரு சின்னத் துண்டு மட்டும் பச்சையாக மாறியது. அழித்துவிட்டுச் சிவப்பை மறுபடி போட்டாள். இப்போது பச்சை இழையில் ஒரு துண்டு சிவப்பானது. டிவியில்தான் கோளாறு என்றார் அப்பா.

டிவி நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கணினி நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் முறையே அப்படி. எனக்கு இன்றும் அலுக்காத விஷயம் அது.

கணினியின் பெயர் சின்க்லேர் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம். 1982இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. மாமா அங்கே படித்துவிட்டுத் திரும்பும்போது கொண்டுவந்தார். அங்கே உள்ள மூன்று முனைப் பிளக்கும் 240 வோல்ட் மின்சாரமும்தான் இங்கேயும். பெட்டியைப் பிரித்து, சுவரில் சொருகி, ஏரியல் ஒயரைக் கழற்றிவிட்டு டிவியோடு இணைத்தால் போதும். வரைவதற்கு ஆர்ட் ஸ்டூடியோ என்ற புரோகிராம் கேசட்டில் இருந்தது.

ஸ்பெக்ட்ரம் திரையில் குறுக்கே 256 பிக்சல் (படத்தின் மிகச் சிறிய சதுரம்), நெடுக்கே 192. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு பிட், அதாவது 0 அல்லது 1 மட்டும் வைக்கக்கூடிய நினைவிடம். பிட் 1 என்றால் அங்கே மை, 0 என்றால் வெறும் தாள். பக்கத்துப் பக்கத்து எட்டு பிக்சல் சேர்ந்தால் ஒரு பைட். இடமிருந்து வலமாக அவற்றின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. மை உள்ள இடங்களைக் கூட்டினால் அந்த வரிசையின் எண் வந்துவிடும்.

இதை எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் தமிழ் எழுத்தை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். 'ட' எழுதுவோம். மேல் வரிசை காலி, அதனால் 0. அடுத்த ஆறு வரிசையிலும் நிற்கும் கோட்டின் ஒரே ஒரு பிக்சல்: 64. கடைசி வரிசையில் படுக்கைக் கோடு: 64, 32, 16, 8, 4, 2 எல்லாம் சேர்ந்து 126. சரி, இப்போது அந்த ஆறு 64ஐயும் 66 ஆக்குங்கள். வலது பக்கம் இன்னொரு கோடு எழும்பி 'ட' என்பது 'ப' ஆகிவிடும். ஆர்ட் ஸ்டூடியோவில் படத்தை எட்டு மடங்கு பெரிதாக்கி ஒவ்வொரு பிக்சலாக மாற்றும் வசதி உண்டு. அதில் நாங்கள் தொட்டு மாற்றியதெல்லாம் இந்த எண்களைத்தான்.

இதுவரை நிறமே வரவில்லை. மை இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். நிறம் தனியாக, வேறு இடத்தில் இருக்கிறது. திரை முழுவதும் எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரிந்திருக்கும்: குறுக்கே 32, நெடுக்கே 24, மொத்தம் 768. ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு வண்ண பைட். அதில் மூன்று பிட் மையின் நிறம், மூன்று பிட் தாளின் நிறம், ஒரு பிட் பளிச்சென்று காட்ட, ஒரு பிட் கண்சிமிட்ட.

நிறங்களுக்கு எண் கொடுத்த விதம் அழகு. நீலம் 1, சிவப்பு 2, பச்சை 4. டிவியில் சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள் தெரியும். அதன் எண் 6. மூன்றும் சேர்ந்த வெள்ளை 7. நிறம் கலப்பதும் எண் கூட்டுவதும் இங்கே ஒரே வேலை.

அக்காவின் கோலத்தில் நடந்தது இதுதான். சிவப்பு இழை போன கட்டத்தின் வண்ண பைட்டில் மை 2 என்று இருந்தது. பச்சை இழை அதே கட்டத்துக்குள் நுழைந்தபோது புரோகிராம் அதை 4 ஆக்கியது. பழைய சிவப்புக் கோட்டின் பிட்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் அவை "இங்கே மை" என்று மட்டும்தான் சொல்லும், எந்த மை என்று அவற்றுக்குத் தெரியாது. கட்டத்தின் மை பச்சை என்றால் அவையும் பச்சை.

ஏன் இப்படிக் கஞ்சத்தனம்? கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிகிறது. படத்துக்கு 6,144 பைட், நிறத்துக்கு 768, மொத்தம் 6,912. ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறம் வேண்டுமென்றால் பிக்சலுக்கு நான்கு பிட் வேண்டும்: நிறத்துக்கு மூன்று, பளிச்சென்று காட்ட ஒன்று. 24,576 பைட் ஆகிவிடும். மலிவு மாடலின் மொத்த நினைவகமே 16,384 பைட். எங்களிடம் இருந்த 48 கே மாடலில் 49,152. அதிலும் பாதியைப் படமே விழுங்கிவிடும். வரையும் புரோகிராமுக்கு இன்னொரு தேவையும் உண்டு: தவறாகப் போட்டதைத் திரும்பப் பெற, முந்தைய படத்தின் பிரதி. இரண்டு படம் சேர்ந்தால் சரியாக 49,152. புரோகிராம் உட்கார ஒரு பைட் கூட மிஞ்சாது.

நினைவகம் அன்று அவ்வளவு அருமையான பொருள். எங்கள் வீட்டுக்கு இது புதிதில்லை. 1972இல், கணினிச் சில்லு (சிப்) செய்யும் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் திறந்தது. அதன் பிறகு பாயான் லெப்பாஸில் ஒன்றன்பின் ஒன்றாகச் சில்லுத் தொழிற்சாலைகள் வந்தன. அம்மா அவற்றில் ஒன்றில்தான் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து வேலை செய்தார்.

முந்தைய படத்தின் அந்தப் பிரதி எவ்வளவு முக்கியம் என்பது நிறம் நிரப்பும்போதுதான் தெரியும். ஒரு பிக்சலைத் தொட்டால், புரோகிராம் அதற்கு மை போட்டு, பக்கத்தில் காலியாக உள்ளவற்றையும் நிரப்பி, கோடு தடுக்கும்வரை பரவும். கோட்டில் ஒரு பிக்சல் இடைவெளி இருந்தாலும் மை அதன் வழியே வெளியே கசிந்து திரை முழுவதும் ஓடிவிடும். கண் முன்னாலேயே ஓடும். எத்தனை முறை நெஞ்சு பதறியிருக்கிறது!

கேசட்டிலிருந்து படம் ஏறுவதும் பார்க்க வேண்டிய காட்சி. அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். முதலில் கோடுகள் மட்டும் கறுப்பு வெள்ளையில், வரிசை விட்டு வரிசை விட்டு நிரம்பி வரும். நினைவகத்தில் நிறம் படத்துக்குப் பின்னால் இருப்பதால், கடைசி சில விநாடிகளில்தான் 768 கட்டமும் மேலிருந்து கீழாக வண்ணம் பூசிக்கொண்டு வரும். வாசலில் மாவால் கோலம் போட்டுவிட்டு அப்புறம் கலர்ப் பொடி தூவுகிற அதே வரிசை.

அக்காவின் கோலத்துக்கு வருகிறேன். அவள் ஆறு புள்ளி, நான்கு வரிசை வைத்திருந்தாள். நேர்ப்புள்ளிச் சிக்கில் எத்தனை இழை வரும் என்பதற்குக் கணக்கு உண்டு: இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப்பெரிய எண் எதுவோ அத்தனை. மூன்றுக்கு இரண்டு போட்டால் ஒரே இழை. ஆறுக்கு நான்கு என்றால் இரண்டு. அதனால்தான் சிவப்பும் பச்சையும். ஆனால் புள்ளிகளை 12 பிக்சலுக்கு ஒன்றாக வைத்ததால், இழைகள் வெட்டும் இடம் கட்டத்துக்குள் எங்கெங்கோ விழுந்தது.

"தம்பி, கட்டம் எங்க முடியுதுன்னு எண்ணிச் சொல்லு" என்றாள். எண்ணிச் சொன்னேன். புள்ளிகளை 16 பிக்சலுக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் நான்கு கட்டங்கள் கூடும் மூலையில் வரும்படி மாற்றி வைத்தாள். சிக்குக் கோலத்தில் இழைகள் வெட்டுவது இரண்டு புள்ளிக்கு நடுவே. அந்த நடுவிடமும் இப்போது நான்கு கட்டம் கூடும் மூலைதான். சிவப்பு இழை ஒரு மூலைக் கட்டத்திலிருந்து எதிர்மூலைக் கட்டத்துக்குத் தாண்டும். பச்சை மற்ற இரண்டு கட்டங்களில் தாண்டும். எந்தக் கட்டத்திலும் ஒரே ஒரு இழைதான். ஒரு துண்டு கூட நிறம் மாறவில்லை.

புள்ளிகளில் மட்டும் அந்த நிற மாற்றம் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு புள்ளியும் இரண்டுக்கு இரண்டு பிக்சல்; கட்டத்துக்கு ஒன்றாக நான்கு கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. இடது மேல் மூலைப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மூன்று பிக்சல் சிவப்பு, ஒன்று பச்சை. அக்கா அதை அப்படியே விட்டுவிட்டு, கேசட்டில் பதியச் சொன்னாள். நாலடி தள்ளி உட்கார்ந்தால் அந்தப் பச்சை கண்ணுக்குத் தெரியாது.