காசிக்கு முதல் தடவை போறீங்களா? ரூம் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

போன வாரமும் அதே போன். ராத்திரி பத்தரை இருக்கும், விஸ்வநாதர் கோயில் பக்கத்துல இருக்கற கோதோலியா முக்குல நின்னுகிட்டு ஒருத்தர் பேசுறார். கூட வயசான அம்மா, மூணு பெரிய சூட்கேஸ், ஆட்டோ இதுக்கு மேல போகாதுன்னு இறக்கி விட்டுட்டு போயிட்டான், லாட்ஜ்ல கேட்டா "சந்துக்குள்ள வாங்க, பத்து நிமிஷ நடைதான்"னு இந்தியில சொல்றாங்க, அம்மா ரோட்டோர படியில உக்காந்துட்டாங்க, எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க. காசி யாத்திரை ஏற்பாடு பண்ணிக் குடுக்கறதுதான் என் தொழில், ஆனா அவர் என்கிட்ட ரூம் போடல, ஆப்ல பாத்து அவரே போட்டுட்டார், என் நம்பரை யாரோ குடுத்திருக்காங்க. தெரிஞ்ச பையன் ஒருத்தனை அனுப்பி ஒரு வழியா சேத்துவிட்டோம். சீசனுக்கு சீசன் இதே கதை நடக்குது, தாங்க முடியாமத்தான் எழுதுறேன்.

எல்லாரும் ஏமாறுறது ஒரே இடத்துலதான். "விஸ்வநாதர் கோயிலுக்கு 300 மீட்டர்"னு போட்டிருக்கும், உடனே பணத்தைக் கட்டிடுறாங்க. ஐயா, அந்த 300 மீட்டர் மேப்ல நேர்கோடு போட்டு அளந்தது. காசியில நேர்கோட்டுல போற சந்தே கிடையாது. ரெண்டு பேர் எதிரெதிரே வந்தா ஒருத்தர் ஒதுங்கணும், அதுல ஒரு காளை குறுக்க நின்னுச்சுன்னா அது நகர்ற வரைக்கும் நீங்களும் நிக்கணும், பின்னாடி பைக்காரன் ஹாரன் அடிச்சுகிட்டே இருப்பான். கீழ கல்லு பாவின தரை, சாணி, தண்ணி, நடுநடுல நாலு படி ஏறும் மூணு படி இறங்கும், சூட்கேஸ் சக்கரம் அங்க உருளவே உருளாது, தூக்கித்தான் ஆகணும். ரெண்டு பக்கமும் உசரமான வீடுங்க, போன்ல மேப் எந்தப் பக்கம் காட்டுதுன்னு அதுக்கே தெரியாது. பகல்லயே வழி தப்பும், ராத்திரி கடையெல்லாம் சாத்தினப்புறம் எல்லா சந்தும் ஒரே மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு, 2021 டிசம்பர்ல காரிடார் (கோயிலைச் சுத்தி விரிவாக்கிக் கட்டின புது வளாகம்) திறந்ததுல இருந்து கோயிலுக்குள்ள போக பல வாசல் இருக்கு, ஆத்துப் பக்கம் லலிதா காட்ல (காட்னா படித்துறை) இருந்தும் ஏறிப் போகலாம். எந்த வாசல்ல வரிசை எங்க ஆரம்பிக்குதுங்கறது கூட்டத்தைப் பொறுத்தது. கோபுரத்துக்கு 300 மீட்டர்ல ரூம் இருக்கலாம், வரிசையோட வால் அதைத் தாண்டி எங்கயோ இருக்கும். அப்போ அந்த நம்பரை வச்சு என்ன பண்ணப் போறீங்க?

நீங்க கேக்க வேண்டிய தூரம் வேற. வண்டி கடைசியா நிக்கிற இடத்துல இருந்து ரூம் வாசல் வரைக்கும் எவ்வளவு நடை, எத்தனை படி. அது மட்டும்தான். அதுவும் கூட்ட நாள்ல எப்படின்னு கேளுங்க, ஏன்னா மைதாகின்ல இருந்து கோதோலியா வரைக்குமான ரோட்டுல அடிக்கடி வண்டியை நிறுத்திடுவாங்க. சிவராத்திரி, தேவ தீபாவளி, அவங்களோட சாவன் மாசத் திங்கக்கிழமை (நம்ம ஆடியை ஒட்டி வரும்), இந்த நாள்லல்லாம் இன்னும் தூரத்துலயே இறக்கி விட்டுடுவாங்க.

அடுத்தது "கங்கை வியூ". அழகுதான், இல்லன்னு சொல்லல. ஆனா காட் ஓரத்துல இருக்கறதுல முக்கால்வாசி பழைய மாளிகையும் வீடும், லிஃப்ட் இருக்காது, படி செங்குத்தா இருக்கும், வியூ ரூம்னா கண்டிப்பா மேல் மாடி. மழைக்காலம் வேற கணக்கு. காசியில கங்கைக்கு எச்சரிக்கை அளவு 70.26 மீட்டர், அபாய அளவு 71.26, 1978 வெள்ளத்துல 73.90 வரைக்கும் போயிருக்கு. ஜூலை பாதியில இருந்து செப்டம்பர் வரைக்கும் தண்ணி ஏறினா முதல்ல முழுகறது காட்டுக்குக் காட் நடந்து போற அந்த வழிதான், படகை நிறுத்திடுவாங்க, கங்கை ஆரத்தியையும் மேல தள்ளி நடத்துவாங்க. "படியிறங்கி ஆத்தோரமாவே கோயிலுக்குப் போயிடலாம்"னு நினைச்சு ரூம் போட்டவங்க அப்போ சந்து வழியாத்தான் சுத்திப் போகணும்.

மணிகர்ணிகா பக்கம் ரூம் மலிவா கிடைக்கும். போடுறதுக்கு முன்னாடி வீட்ல எல்லார்கிட்டயும் பேசிடுங்க. ராவும் பகலும் சிதை எரியும், ஜன்னலுக்குக் கீழ "ராம் நாம் சத்ய ஹை"னு பாடை போய்கிட்டே இருக்கும். அதைப் பாக்கத்தான் காசிக்கு வந்தேன்னு சொல்றவங்களும் இருக்காங்க, சின்னப் பிள்ளைங்க தூங்காம அழுதுட்டு மறுநாளே ரூம் மாத்தச் சொன்னவங்களும் இருக்காங்க.

சரி, எங்கதான் தங்கறது? திதி, சிராத்தம்னு போறவங்க கேதார் காட், அனுமன் காட் பக்கம் பாருங்க. நம்மாளுங்க தலைமுறை தலைமுறையா இருக்கற இடம், குமரகுருபரர் வழி வந்த குமாரசாமி மடம் கேதார் காட்ல இருக்கு, பாரதியார் சின்ன வயசுல அத்தை வீட்டுல தங்கினது அனுமன் காட்லதான். தமிழ் பேச்சுத்துணை இருக்கும், இட்லி கிடைக்கும். ஆனா முதல்ல சாஸ்திரிகள்கிட்ட எங்க பண்ணி வைப்பார்னு கேட்டுட்டு அப்புறம் ரூம் போடுங்க, தலைகீழா பண்ணாதீங்க. கோதோலியாகிட்ட நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கு, 1813ல ஆரம்பிச்சது, தினமும் விஸ்வநாதர் பூஜைக்கு சாமான் எடுத்துகிட்டு போற ஊர்வலம் (சம்போன்னு சொல்வாங்க) கிளம்பறது அங்க இருந்துதான். விடிகாலை மங்கள ஆரத்திக்கு டிக்கெட் வாங்கியிருந்தா கோதோலியா சுத்துவட்டாரம்தான் சரி, ரெண்டு ரெண்டரை மணிக்கெல்லாம் கிளம்பணும். கோயிலுக்குள்ள போன் கொண்டு போக முடியாது, ரூம்லயே வச்சுட்டு போற வசதியும் கிடைக்கும்.

முட்டி வலிக்காரங்க, வீல் சேர், கைக்குழந்தைன்னா தயவு செஞ்சு அஸ்ஸி பக்கமோ கண்டோன்மெண்ட்லயோ தங்குங்க. அஸ்ஸியில காட் கிட்ட வரைக்கும் ரோடு வருது, கோயில் மூணு கிலோமீட்டர் கிட்ட வரும், போனா போகட்டும், ஈ-ரிக்‌ஷா இருக்கு. கண்டோன்மெண்ட்ல லிஃப்ட், பார்க்கிங் எல்லாம் கிடைக்கும், ஆனா காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவைன்னு ஊருக்குள்ள போய்வர நேரம் போகும். "தூரமா தங்கினா புண்ணியம் கொறையுமா"ன்னு நிஜமாவே ஒரு அம்மா கேட்டாங்க. கொறையாதும்மா. காலை உடைச்சுகிட்டா யாத்திரை அத்தோட முடிஞ்சுது.

ஸ்டேஷன் பக்கத்துல போடலாமேன்னு கேப்பாங்க. எந்த ஸ்டேஷன்? வாரணாசி ஜங்ஷன் வேற, பனாரஸ் வேற (பழைய மண்டுவாடீ). சென்னை வழியா வர்ற சங்கமித்ரா மாதிரி வண்டியில போனா இறங்கறது தீன்தயாள் உபாத்யாய் ஜங்ஷன், நம்ம பழைய முகல்சராய், கங்கைக்கு அந்தப் பக்கம். டிக்கெட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

ரூம் போடுறதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க, ஆப்ல இருக்கற போட்டோவை நம்பாதீங்க. எந்த மாடி, லிஃப்ட் உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, ஜன்னலுக்குக் கம்பி இருக்கா (குரங்கு உள்ள வந்துரும், விளையாட்டுக்குச் சொல்லல), வண்டி நிக்கிற இடத்துக்கு ஆள் அனுப்புவாங்களா, ராத்திரி எத்தனை மணிக்கு கேட் பூட்டுவாங்க. டிசம்பர், ஜனவரி பனியில ரயில் மணிக்கணக்குல லேட்டாகும், சத்திரத்துல கேட் பூட்டிட்டா வெளியதான் நிக்கணும். நெட்ல கிடைச்ச நம்பரை வச்சு சத்திரம், மடம் பேருல முழுப் பணமும் யுபிஐல அனுப்பாதீங்க, அங்க போயிட்டு வந்த யார்கிட்டயாவது நம்பரை சரிபாத்துக்குங்க.

மலேசியா, சிங்கப்பூர், இலங்கையில இருந்து வர்ற சொந்தங்களுக்கு ஒண்ணு. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்ல வர்றவங்க தங்கினா அந்த இடத்துக்காரங்க 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்தை அரசாங்கத்துகிட்ட பதியணும் (சி ஃபார்ம்னு சொல்லிப் பழக்கம்), சின்ன லாட்ஜுங்களும் சில சத்திரங்களும் அந்த வேலைக்கு பயந்து ரூமே தர மாட்டாங்க, ஆப்ல கன்ஃபர்ம் ஆகியிருந்தாலும் சரி. பணம் கட்டுறதுக்கு முன்னாடியே "வெளிநாட்டுப் பாஸ்போர்ட், எடுத்துப்பீங்களா"ன்னு கேட்டு, பதிலை வாட்ஸ்அப்ல எழுத்தா வாங்கி வச்சுக்குங்க.