பைன் காயில் எட்டும் பதின்மூன்றும்

கொடைக்கானல் பைன் காட்டுக்குப் போய்விட்டு ஒரு காயையாவது பையில் போட்டுக்கொள்ளாமல் வருபவர்கள் குறைவு. காய் என்பது நம் வாயில் வந்த பேர். பைன் பூக்கும் தாவரமல்ல. அது விதைகளைத் தாங்கும் கூம்பு. உங்கள் அலமாரியில் ஒன்று கிடந்தால் எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். செதில் வரிசைகள் சில வலஞ்சுழியாகவும் சில இடஞ்சுழியாகவும் ஓடும். ஒரு வரிசையில் நகப்பூச்சைத் தொட்டு வைத்துவிட்டு எண்ணுங்கள், இல்லையென்றால் தொடங்கிய இடம் தப்பிவிடும். பெரும்பாலும் ஒரு திசையில் 8, எதிர்த்திசையில் 13 வரும். சின்னக் கூம்பில் 5, 8 வரலாம்.

1, 1, 2, 3, 5, 8, 13 என்று, முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை இது. ஃபிபொனாச்சி எண்கள் என்கிறோம். இத்தாலியக் கணிதர் ஃபிபொனாச்சி 1202-இல் எழுதுவதற்கு முன்பே, ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை அசைகளைக் கொண்டு ஓர் அடியை எத்தனை விதமாகக் கட்டலாம் என்று கணக்குப் போட்ட சமண அறிஞர் ஹேமச்சந்திரர் இதே எண்களைச் சொல்லிவிட்டார்.

சரி, மரத்துக்கு யார் கணக்குச் சொல்லிக்கொடுத்தது?

கூம்பு கண்ணுக்கே தெரியாத மொட்டாக இருக்கும்போது அதன் நுனியில் செதில்கள் ஒவ்வொன்றாக முளைக்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 137.5 பாகை திருப்பம். மரத்தில் இருப்பது இந்தத் திருப்பம் மட்டும்தான். 8-உம் 13-உம் அதிலிருந்து தானாக விழுகின்றன. பெருக்கிப் பாருங்கள். 8 முறை திரும்பினால் 1,100 பாகை. மூன்று முழுச் சுற்று 1,080 போக மிச்சம் 20. அதாவது ஒரு செதிலுக்குப் பின் எட்டாவதாக வரும் செதில், அதற்குச் சற்றே ஒரு பக்கம் தள்ளி உட்காருகிறது. 13 முறை திரும்பினால் 1,787.5, ஐந்து சுற்றுக்கு 12.5 பாகை குறைவு. அதனால் அதற்குப் பின் பதின்மூன்றாவதாக வரும் செதில் மறுபக்கம் தள்ளி உட்காருகிறது. பக்கத்துப் பக்கத்துச் செதில்களை நம் கண் கோடாக இணைக்கிறது. எட்டெட்டாகத் தாவும் கோடுகள் எட்டு, பதின்மூன்றாகத் தாவும் கோடுகள் பதின்மூன்று.

ஆனால் அந்த 137.5 எங்கிருந்து வந்தது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பழைய முளைகள் எங்கே அதிக இடம் விட்டிருக்கின்றனவோ அங்கேதான் புதியது வரும் என்று 1868-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹோஃப்மைஸ்டர் சொன்னார். 1992-இல் பாரிஸில் டூவடி, கூடே என்ற இரு இயற்பியலாளர்கள் செடியே இல்லாமல் இதைச் செய்து காட்டினார்கள். எண்ணெய்த் தட்டின் நடுவில் காந்தத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். ஒன்றையொன்று தள்ளும் அந்தத் துளிகள் ஓரத்தை நோக்கி நகர்ந்தன. மெதுவாகச் சொட்டியபோது எதிரெதிராகப் போயின. வேகம் கூட்டியதும் இடத்துக்கு நெருக்கடி வந்து, திருப்பம் 137.5-ஐ நெருங்கி, சுருள்கள் தோன்றின!

செடிக்குள் அந்தத் தள்ளும் வேலையைச் செய்வது ஆக்சின் என்ற ஹார்மோன். ஒவ்வொரு முளையும் சுற்றியுள்ள ஆக்சினைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதன் அருகே இன்னொன்று முளைக்க வழியில்லை. தள்ளி, ஆக்சின் மறுபடி சேருமிடத்தில்தான் அடுத்தது. ஆக்சின் போக்குவரத்தை மருந்தால் தடுத்தால் தக்காளித் தண்டு இலையே இல்லாமல் குண்டூசி போல மொட்டையாக வளரும். சுவிட்சர்லாந்தில் அந்த மொட்டை நுனியில் துளி ஆக்சினைத் தொட்டு வைத்தார்கள். தொட்ட இடத்தில் இலை வந்தது.

கூம்பு விரிந்து கிடந்து எண்ண முடியவில்லையா? தண்ணீரில் போட்டு வையுங்கள். செதிலின் வெளிப்புற அடுக்கு ஊறிப் பெருத்து, கூம்பு மூடிக்கொள்ளும். சுருள்கள் தெளிவாகத் தெரியும். காய்ந்ததும் மறுபடி விரியும். அப்புறம், 4, 7 என்று வந்தால் தப்பாக எண்ணிவிட்டோம் என்று விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் முளைகள் கொஞ்சம் இடம் மாறி அமைந்து, திருப்பம் 99.5 பாகையாகிப்போன அபூர்வக் கூம்பு உங்கள் கையில் இருக்கலாம்.